வராத நோயாளியின் கணக்கு

ஜெர்மனியின் எசன் நகரை ஏ40 நெடுஞ்சாலை கிழக்கு மேற்காக வகுந்துகொண்டு போகிறது. அதற்குச் 'சமூக பூமத்திய ரேகை' என்று அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. சாலைக்குத் தெற்கே பிரேடெனாய், கெட்விக் போன்ற பகுதிகள்: மரங்களுக்கு நடுவே தனித்தனி வீடுகள், ஏரிக்கரை நடைபாதை. வடக்கே அல்ட்டன்எசன், காட்டர்ன்பெர்க்: சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் எழுப்பிய வரிசை வீடுகள், 1986-ல் மூடப்பட்டு இன்று யுனெஸ்கோ சின்னமாக நிற்கும் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம். வடக்கில் வருமானம் குறைவு, வேலையில்லாதவர்கள் அதிகம், நோயும் அதிகம். 2020-ல் 2 மருத்துவமனைகள் மூடப்பட்டதும் அதே வடக்கில்தான்.

மருத்துவமனை மூடினால் செய்தியாகிவிடும், ஊர்வலம் நடக்கும். நான் எழுத வந்தது அதற்கு முந்தைய படியைப் பற்றி. மூச்சு வாங்கும்போது, கால் புண் ஆறாதபோது, பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடாதபோது, நடந்துபோய்ப் பார்க்கிற டாக்டரைப் பற்றி. எந்த வட்டாரத்தில் எத்தனை டாக்டர் இருக்கலாம் என்பதை ஜெர்மனி ஒரு சூத்திரம் வைத்து முடிவு செய்கிறது. அந்தச் சூத்திரத்தில் வயதுக்கு இடம் உண்டு, ஆண் பெண் வேறுபாட்டுக்கு இடம் உண்டு, நோய்க்கும் உண்டு. வறுமைக்கு மட்டும் நிலையான இடம் இன்றுவரை இல்லை.

தமிழர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1980-களிலிருந்து ஈழத்தை விட்டு அகதிகளாக ஜெர்மனிக்குப் போனவர்களில் கணிசமானோர் தங்கிவிட்டது இந்த ரூர் வட்டாரத்திலும் அதை ஒட்டிய ஊர்களிலும்தான். 2002-ல் குடமுழுக்குக் கண்ட ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோவிலின் தேருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கூடுவது அவர்கள்தான். உணவக அடுக்களையிலும் துப்புரவு வேலையிலும் ஆலை ஷிஃப்ட்டிலும் உழைத்த முதல் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. தெற்காசிய உடம்புக்கு, பெரிதாக எடை கூடாவிட்டாலும், சர்க்கரை நோய் சீக்கிரம் வரும். அந்த வீடுகளில் 'தெர்மின்' என்ற ஜெர்மன் சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. டாக்டரைப் பார்க்க வாங்கி வைக்கும் நேரம். "டொக்டரிட்ட தெர்மின் எடுத்தாச்சோ அம்மா?"

அந்தத் தெர்மின் எப்போது கிடைக்கும் என்பது பெரும்பாலும் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

அன்று இருந்ததே அளவானது

நம் ஊர் ஜி.எச். ஓ.பி. வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஜெர்மனியின் ஏற்பாடு பிடிபடாது. அங்கே ஆஸ்பத்திரி பெரும்பாலும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்தான். 1883-ல் பிஸ்மார்க் தொடங்கிய சட்டபூர்வக் காப்பீட்டில் இன்று மக்களில் 10 பேருக்கு 9 பேர் இருக்கிறார்கள். அந்தக் காப்பீட்டு நோயாளிகளைப் பார்த்துப் பணம் பெற வேண்டுமானால் டாக்டருக்கு ஓர் அனுமதி வேண்டும். 'இருக்கை' என்று அதைச் சொல்கிறார்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கை என்று தீர்மானிப்பதற்குப் பெயர் தேவைத் திட்டமிடல். பொது விதியை டாக்டர்களும் காப்பீட்டு அமைப்புகளும் மருத்துவமனைகளும் சேர்ந்த கூட்டுக் குழு பெர்லினில் வகுக்கிறது. நாட்டில் உள்ள 17 காப்பீட்டு மருத்துவர் சங்கங்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் நடைமுறைப்படுத்துகின்றன.

'தேவை' என்ற சொல்லைக் கேட்டதும், யாரோ ஊர் ஊராகப் போய் எத்தனை பேருக்கு என்ன நோய், எத்தனை டாக்டர் போதும் என்று கணக்கெடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு.

இத்தனை பேருக்கு இத்தனை டாக்டர் என்ற பழைய விகிதத்தை, தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி 1960-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு டாக்டர்கள் விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை பெருகப் பெருகக் காப்பீட்டுச் செலவும் பெருகியது. 1993-ல் ஒரு புதிய சட்டம் வந்து கடிவாளம் போட்டது. கடிவாளத்துக்கு ஒரு அளவு வேண்டுமே? 1990 டிசம்பர் 31 அன்று மேற்கு ஜெர்மனியில் எங்கெங்கே எத்தனை டாக்டர்கள் இருந்தார்களோ, அந்த எண்ணிக்கையையே வட்டார வகைக்குத் தகுந்தபடி சராசரி எடுத்து, 'இதுதான் தேவை' என்று எழுதிவிட்டார்கள். அந்த அளவை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டிய இடத்தில் புது டாக்டருக்குக் கதவு அடைப்பு.

மனநல சிகிச்சையிலும் இதே கதைதான். உளச் சிகிச்சையாளர்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் 1999-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று இருந்த எண்ணிக்கையே அளவுகோலாகிவிட்டது. பலர் அனுமதிக்காக இன்னும் மனுவோடு நின்றுகொண்டிருந்த நேரம் அது. சந்தை கூடத் தொடங்காத காலையில் தராசில் விழுந்ததை வைத்து ஊர்ப் பசியை அளந்தது மாதிரி.

13 டாக்டர்கள் எங்கே?

ரூர் வட்டாரத்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். டூயிஸ்பர்க், கெல்சன்கிர்ஷன், எசன், டோர்ட்மன்ட் என்று ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இந்த நிலக்கரி நகரங்களைத் திட்டம் ஒரு 'தனி வட்டாரம்' என்று பிரித்து வைத்தது. தனி வட்டாரம் என்றால் தனிச் சலுகை என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. 2013-ல் விதிகளைத் திருத்தி எழுதியபோதுகூட, நாடு முழுவதும் 1671 பேருக்கு ஒரு குடும்ப டாக்டர் என்று வைத்துவிட்டு, ரூருக்கு மட்டும் 2134 பேருக்கு ஒருவர் என்று வைத்தார்கள். ஒரு லட்சம் பேர் உள்ள ஊருக்கு மற்ற இடத்தில் ஏறக்குறைய 60 டாக்டர். ரூரில் 47.

அந்த 13 டாக்டர்கள் ஓடிப்போனவர்கள் இல்லை, ஓய்வு பெற்றவர்களும் இல்லை. காகிதத்தில் ஒருபோதும் இருந்ததே கிடையாது. 47 பேர் இருந்துவிட்டால் '100 சதவீதம் நிறைவு' என்று அறிக்கை சொல்லும். 52 பேர் ஆகிவிட்டால் 'மிகுதி' என்று கதவைச் சாத்திவிடும். உளச் சிகிச்சையாளர் விஷயத்தில் பெருநகரங்களுக்கு 3079 பேருக்கு ஒருவர், ரூருக்கு 8743 பேருக்கு ஒருவர். தலைமுறை தலைமுறையாக நிலத்துக்கு அடியில் தூசியை விழுங்கி, பிறகு சுரங்கமும் உருக்காலையும் மூடி வேலையும் போன மக்கள் இவர்கள். கெல்சன்கிர்ஷன் தனிநபர் வருமானத்தில் நாட்டின் கடைசி இடத்தையோ அதற்குப் பக்கத்தையோ பல ஆண்டுகளாக விட்டு நகரவில்லை. இங்கே மனச்சோர்வு குறைவாக இருக்கும் என்று யார் நம்பினார்கள்? யாரும் நம்பவில்லை என்றே நினைக்கிறேன். பழைய எண்ணிக்கையைக் கேள்வி கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ரூரின் இந்தத் தனி விதியைக் கைவிட முடிவானது. 2018-லிருந்து 10 ஆண்டுகளில் படிப்படியாக மற்ற இடங்களோடு சமன் செய்வதாக ஏற்பாடு. அந்த 2018 டிசம்பர் 21 அன்றுதான் போட்ரோப் நகரில் ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. நிலக்கரிக்கு விடை கொடுக்கும் விழாவுக்குக் குடியரசுத் தலைவர் வந்தார். நிலக்கரி தந்த நோய்களுக்கு டாக்டர் வருவதற்கு 2028 வரை தவணை.

தலைகீழ் விதி

வேறொரு நிலக்கரி ஊரில் இருந்த டாக்டர் ஒருவர் இதை முன்பே பார்த்துவிட்டார். ஜூலியன் டியூடர் ஹார்ட். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்கில் கிளின்கோரூக் என்ற சுரங்கக் கிராமத்தில் பல பத்தாண்டுகள் குடும்ப டாக்டராக இருந்தவர். 1971 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் 'தலைகீழ் கவனிப்பு விதி' என்ற பெயரில் மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. யாருக்கு மருத்துவம் மிகவும் தேவையோ அவர்களுக்கே நல்ல மருத்துவம் குறைவாகப் போய்ச் சேர்கிறது என்பது அதன் சாரம். சந்தையின் கை எவ்வளவு தாராளமாக உள்ளே நுழைகிறதோ, அவ்வளவுக்கு இந்த விதி கூர்மையாக வேலை செய்கிறது என்பதும் அவர் சொன்னதுதான்.

ஜெர்மனியில் சந்தை எங்கே நுழைகிறது? எல்லாருக்கும் காப்பீடு இருக்கிறதே, டாக்டருக்கு யார் வந்தால் என்ன என்று கேட்கலாம். பணம் வரும் விதத்தைப் பார்த்தால் புரியும். சட்டபூர்வக் காப்பீட்டில் உள்ள நோயாளிக்காகக் குடும்ப டாக்டருக்கு வரும் அடிப்படைத் தொகை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நோயாளி ஒரு முறை வந்தாலும் அதுதான், ஆறு முறை வந்தாலும் பெரும்பாலும் அதுதான். சர்க்கரை, இதயம், மூட்டு, அதோடு வாடகைக் கடன் கவலை என்று நான்கையும் சேர்த்துக் கொண்டுவருபவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் டாக்டருக்கு நஷ்டம். தனியார் காப்பீடு வைத்திருக்கும் அந்தப் பத்தில் ஒருவர் வந்தால் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிப் பில், அதுவும் கூடுதல் மடங்கில். அந்தப் பத்தில் ஒருவர் எந்தப் பகுதியில் வசிக்கிறார்? மியூனிக் பக்கத்து ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் அவர்கள் நிறைய. கெல்சன்கிர்ஷன் தெருக்களில் தேட வேண்டும்.

டாக்டர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். கடன் வாங்கி கிளினிக் எடுப்பவர், மூன்று பணியாளருக்குச் சம்பளம் கொடுப்பவர், எந்தத் தெருவில் கணக்கு நேராகும் என்று பார்ப்பது இயல்பு. அந்தக் கணக்கை மாற்றாமல் அவர் மனசாட்சியை மட்டும் மாற்றச் சொல்வதுதான் தவறு.

பெர்லினைப் பாருங்கள். 2003-ல் அந்த நகரின் 12 மாவட்டங்களும் சேர்ந்து ஒரே திட்ட வட்டாரமாயின. வட்டாரத்துக்குள் டாக்டர் தன் இருக்கையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடிந்தது. நொய்க்கோல்னிலும் கிழக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தெர்மினுக்கு மக்கள் காத்துக் கிடக்க, மேற்கே ஷார்லோட்டன்பர்க் பக்கம் பெயர்ப்பலகைகள் கூடின. மொத்த பெர்லினின் சராசரி மட்டும் எப்போதும் 'மிகுதி'. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் என்று சொல்லி மனிதனை இறங்க விட்ட கதை. 2013-ல்தான் நகர அரசும் டாக்டர் சங்கமும் காப்பீட்டு அமைப்புகளும் உட்கார்ந்து, டாக்டர் அதிகம் உள்ள மாவட்டத்திலிருந்து குறைந்த மாவட்டத்துக்கு மட்டுமே இடம் மாறலாம் என்று ஒரு புரிந்துணர்வுக்கு வந்தார்கள். 2020-ல் குடும்ப டாக்டர்களுக்காக நகரை மூன்றாகப் பிரித்தார்கள். வட்டத்தைச் சின்னதாக வரைந்தவுடனே, இத்தனை காலம் சராசரிக்குள் ஒளிந்திருந்த பள்ளம் வெளியே தெரிந்தது.

பில்லில் இல்லாத நோய்

2019-ல் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. குடும்ப டாக்டர் விகிதம் 1609 பேருக்கு ஒருவர் என்றானது. அதைவிட முக்கியம், வட்டார மக்களின் நோய்ச்சுமை முதன்முறையாகக் கணக்கில் சேர்ந்தது. நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் எந்த நோய்ச்சுமை? டாக்டர்கள் காப்பீட்டுக்கு அனுப்பிய பில்களில் பதிவான நோய்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். பில்லில் நோய் பதிவாக வேண்டுமானால் நோயாளி டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போவதற்கு டாக்டர் இருந்திருக்க வேண்டும். அவர் புதிய நோயாளியைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஷிஃப்ட் விட்டு வரும் நேரத்தில் கிளினிக் திறந்திருக்க வேண்டும். சொல்வது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறினால் நோய் உடம்பில் இருக்கும், கணினியில் இருக்காது. டாக்டர் குறைந்த இடத்தில் பதிவு குறையும், பதிவு குறைந்தால் தேவை குறைவு என்று சூத்திரம் சொல்லும், தேவை குறைவென்றால் டாக்டர் வேண்டாம் என்றாகும். வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வராதவர்களுக்கு நோயில்லை என்று எழுதுகிறோம்.

வராதவர்கள் எங்கே பதிவாகிறார்கள் என்றால், மரணக் கணக்கில். ஜெர்மனியின் பொதுச் சுகாதார ஆய்வு நிலையமான ராபர்ட் கோஹ் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று, மிகக் குறைந்த வருமானப் பிரிவு ஆண்கள் மிக உயர்ந்த வருமானப் பிரிவு ஆண்களைவிடச் சராசரியாக 8.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று சொல்கிறது. பெண்களில் அந்த இடைவெளி 4.4 ஆண்டுகள். இதே நிறுவனம் கல்வி, வேலை, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பின்தங்கல் குறியீடு வைத்திருக்கிறது. அதன்படி, மிகவும் பின்தங்கிய வட்டாரங்களுக்கும் மிகவும் வசதியான வட்டாரங்களுக்கும் இடையே ஆண்களின் ஆயுள் வித்தியாசம் 2003-ல் 5.7 ஆண்டுகள். 2022-ல் 7.2. பெண்களிடம் 2.6-லிருந்து 4.3. இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது.

குறியீடு கையில் இருக்கிறது. திட்ட விதிகளின் தொடக்கப் பகுதியிலேயே, வருமான வறுமை, வேலையின்மை போன்ற காரணங்களுக்காக மாநிலங்கள் பொது விகிதத்திலிருந்து விலகலாம் என்ற வரியும் இருக்கிறது. 'விலகலாம்' என்றுதான் இருக்கிறது, 'விலக வேண்டும்' என்று இல்லை. மாவட்டத்தின் வயதுக் கணக்கு கணினியில் தானாகவே ஓடும். வறுமைக் கணக்கை ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு மேசையிலும் வாதாடி, காப்பீட்டு அமைப்புகளின் சம்மதம் வாங்க வேண்டும். இந்தப் பாதையில் எத்தனை பேர் கடைசி வரை நடப்பார்கள்?

பில்லை நம்பாமலும் திட்டம் போடலாம் என்பதற்கு டியூடர் ஹார்ட்டின் பிரிட்டனிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1976-ல் இங்கிலாந்தின் மருத்துவமனைப் பணத்தை வட்டாரங்களுக்குப் பிரிக்கப் பரிந்துரைத்த குழு, யார் எத்தனை முறை வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, வயதுக்கு ஒப்பிட்ட இறப்பு விகிதத்தைத் தேவையின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. கரடுமுரடான அளவுதான். ஆனால் இறந்தவரைக் கணக்கில் சேர்க்க அவர் தெர்மின் எடுத்திருக்க வேண்டியதில்லை.

இருக்கை மட்டும் போதுமா?

டாக்டர் சங்கங்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்கின்றன. இருக்கையை உருவாக்கினால் மட்டும் ஆள் வந்துவிடுவாரா? நாடு முழுவதும் ஏறக்குறைய 5000 குடும்ப டாக்டர் இருக்கைகள் ஆளில்லாமல் காலியாகக் கிடக்கின்றன. இருக்கும் குடும்ப டாக்டர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். உண்மைதான். 10 ஆண்டுகள் டாக்டர் குறைந்த இடத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுப்பவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் ஒதுக்கும் திட்டத்தை, ரூர் இருக்கும் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம்தான் 2019-ல் முதலில் தொடங்கியது. அதன் பெயரே 'நாட்டுப்புற டாக்டர் ஒதுக்கீடு'. கிராமத்துக்கு டாக்டர் இல்லை என்பது ஜெர்மன் அரசியலில் சட்டென்று எடுபடும் பேச்சு. நகரத்தின் ஏழைப் பகுதியில் டாக்டர் இல்லை என்பது அப்படி எடுபடுவதில்லை. பேருந்து ஏறி அடுத்த பகுதிக்குப் போகலாமே என்ற பதில் தயாராக இருக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு பேருந்து ஏறிப் பார்த்தவர்கள் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

காலி இருக்கை என்பது, தனியாக ஒரு டாக்டர் கடன் வாங்கி நடத்தும் கடை என்ற பழைய முறை இந்தத் தெருக்களில் செல்லவில்லை என்பதைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். வேறு முறைகள் ஹம்பர்க்கில் முளைத்திருக்கின்றன. எல்பே ஆற்றின் நடுவே துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் இடையில் சிக்கிக் கிடக்கும் ஃபெடல் தீவில் 2017-ல் ஒரு பாலிகிளினிக் திறந்தது. அங்கே டாக்டரோடு சமூகப் பணியாளர், உளவியல் ஆலோசகர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. இருமலுக்கு வந்தவரின் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா என்று கேட்கும் இடம் அது. அதே நகரின் கிழக்கில் பில்ஷ்டெட் பகுதியில் அதே ஆண்டு 'சுகாதாரக் கியோஸ்க்' வந்தது: பல மொழி பேசும், மருத்துவப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் டாக்டர் சொன்னதை நிதானமாக விளக்குவார்கள், அடுத்து எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள். 2022 ஆகஸ்டில் சுகாதார அமைச்சர் கார்ல் லாவ்டர்பாஹ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, நாடெங்கும் 1000 கியோஸ்க் என்று அறிவித்தார். 2024-க்குள் சட்ட வரைவிலிருந்து அது காணாமல் போனது.

மொழிபெயர்ப்பாளருக்கான கட்டணத்தைக் காப்பீடு ஏற்கும் என்று 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதுவும் சட்டமாகவில்லை. அதனால்தான் இன்றும் ரூர் நகரங்களில் ஒரு தமிழ்ப் பிள்ளை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு டாக்டர் அறையில் உட்கார வேண்டியிருக்கிறது. அம்மாவின் மாதவிடாய்க் கோளாறை அவன் ஜெர்மனில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிள்ளையிடம் சொல்லக் கூச்சம், அவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. "தலையிடி எண்டு மட்டும் சொல்லு தம்பி" என்று அவள் முடித்துக்கொள்வாள். தலைவலி பில்லில் ஏறும். ஏறாதது என்ன என்பதைச் சூத்திரம் ஒருபோதும் அறியாது.

டியூடர் ஹார்ட் தன் கிராமத்தில் வேறு மாதிரி எண்ணினார். வருகிறவர்களுக்கு மட்டும் ரத்த அழுத்தம் பார்த்து நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து, ஒவ்வொருவராகத் தேடிப்போய் அளந்தார். ஊரில் பெரும்பாலானோரை அளந்து முடித்த பிறகும் சில ஆண்கள் பாக்கி இருந்தார்கள். தள்ளிப்போட்டவர்கள், தட்டிக்கழித்தவர்கள், கதவைத் திறக்காதவர்கள். அவர்களும் கடைசியில் வந்தார்கள். முதலில் வந்த எல்லாரையும்விட அதிகக் கோளாறுகள் இருந்தது அவர்களிடம்தான்.